ஆறு புள்ளிகளில் ஒளியேற்றிய லூயி பிரெய்ல்

பிரான்சு நாட்டில், பாரிசு மாநகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கூப்ரே என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே குதிரைச் சேணம் தைத்துப் பிழைத்துவந்த குடும்பத்தின் கடைக்குட்டியாக 1809ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் லூயி பிரெய்ல் பிறந்தார்.

மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் குத்தூசியை எடுத்து விளையாடியபோது அது கண்ணில் பாய்ந்தது. காயம் சீழ்கொண்டு மறுகண்ணையும் பற்றியது. ஐந்து வயதுக்குள் இரு கண்களும் இருண்டன.

அந்நாளில் பார்வையற்ற ஏழைகள் பலருக்குப் பிச்சையே பிழைப்பு. ஆனால் ஊரின் பங்குக்குரு பலுய் அடிகளார் சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டு தாமே பாடம் புகட்டினார். பின்னர் ஊர்ப் பள்ளியிலும் இடம் கிடைத்தது. 1819இல், பத்து வயதில், பாரிசிலிருந்த பார்வையற்றோர் பள்ளியில் லூயி சேர்ந்தார்.

அங்கிருந்த நூல்களில் சாதாரண எழுத்துகளே பெரிதாகப் புடைத்து நின்றன. நூல்களோ மிகுந்த கனம், எண்ணிக்கையிலும் குறைவு. விரலால் தடவிப் படிக்க நெடுநேரமாகும். எழுதவோ வழியே இல்லை. 1821இல் சார்லஸ் பார்பியே என்னும் முன்னாள் படை அதிகாரி, புள்ளிகளால் ஒலிகளைக் குறிக்கும் முறையொன்றைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை இருந்ததால் அது ஒரு விரல்நுனிக்குள் அடங்கவில்லை.

அதை எளிதாக்கும் எண்ணம் லூயியின் உள்ளத்தில் வேரூன்றியது. ஓய்வு நேரமெல்லாம் உழைத்து, 1824இல், பதினைந்தாம் வயதில், ஆறு புள்ளிகளில் முழு எழுத்து முறையையும் அமைத்தார். ஆறு புள்ளிகளுக்குள் 63 குறிகள்! எழுத்தும் எண்ணும் இசையும் அவற்றில் அடங்கின. கண்ணைப் பறித்த குத்தூசியை ஒத்த ஒரு சிறு கூர்முனையே இப்போது எழுதுகோலாயிற்று.

1829இல் அம்முறையை நூலாக வெளியிட்டார். பள்ளியிலேயே ஆசிரியரானார், பாரிசு ஆலயங்களில் ஆர்கன் இசைத்தார். ஆயினும் சோதனை ஓயவில்லை. 1840இல் பொறுப்பேற்ற புதிய தலைவர் அவருடைய எழுத்தைப் பள்ளியில் ஒதுக்கிவைத்தார். மாணவர்களோ அதை விடவில்லை. மறைவாக எழுதிப் படித்தனர். 1844இல் பள்ளியின் புதுக் கட்டடத் திறப்பு விழாவில் அம்முறை பலரறியச் செய்து காட்டப்பட்டது.

காசநோய் அவரை ஆண்டுக்கணக்கில் வாட்டியது. 1852ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று அரசர்கள் திருநாளன்று, இறுதி அருட்சாதனங்களைப் பெற்று, 43ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். ஏழை மாணவர்கள் அவருக்கு எழுதித் தந்த கடன் சீட்டுகள், அவர் விருப்பப்படியே எரிக்கப்பட்டன.

1854இல்தான் அவருடைய பள்ளி அவ்வெழுத்தை முறைப்படி ஏற்றது. நூறாண்டுக்குப் பின், 1952இல், அவருடைய உடல் பாரிசின் பாந்தியோனுக்கு மாற்றப்பட்டது. கைகள் மட்டும் கூப்ரே கல்லறையிலேயே தங்கின. அதற்கு முந்தைய ஆண்டில் நம் நாட்டு மொழிகளுக்கென வகுக்கப்பட்ட பாரதி பிரெய்ல் முறையில் தமிழும் அதே ஆறு புள்ளிகளுக்குள் அடங்கிவிட்டது.

அன்புப் பங்கு மக்களே! சிற்றூர்க் குருவொருவர் ஒரு பார்வையற்ற சிறுவனை அருகில் அமர்த்திப் பாடம் சொன்னார். அச்சிறுவனோ தன்னைப் போன்ற எண்ணற்றோர் கையில் புத்தகத்தைத் தந்தான். நம் தெருவிலும் ஒதுங்கி நிற்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம். அதை அழைத்து அமர்த்துவது நம் கடமையன்றோ!