கண்ணொளி இழந்த ஓவியர்

தென்காசியிலிருந்து மேற்கே செல்லும் சாலை, மூன்று கல் தொலைவில் குற்றாலத்தை அடைகின்றது. அருவியில் நீராடச் செல்வோருள் பலர் அங்குள்ள சித்திர சபையைக் காணாமலே திரும்புகின்றனர், இஃது இரங்கத்தக்கது. நடராசப் பெருமானுக்குரிய ஐந்து சபைகளுள் சிதம்பரம் பொன்னாலும், மதுரை வெள்ளியாலும், திருநெல்வேலி செம்பாலும், திருவாலங்காடு மணியாலும் பெயர் பெற்றன. குற்றாலமோ ஓவியத்தால் பெயர் பெற்றது. செப்புத் தகடு வேய்ந்த கூரையின்கீழ், இறைவன் சுவரில் தீட்டிய வண்ணமாகவே நின்று ஆடுகின்றான்.

இவ்வாறு சுவரில் வண்ணம் தீட்டுவதையே வாழ்வாகக் கொண்ட ஒருவர் கண்ணொளியை இழந்தால் என் செய்வார்? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் வங்க நாட்டு ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜி.

அவர் 1904-ஆம் ஆண்டு, கல்கத்தாவை அடுத்த பெகாலாவில் பிறந்தார். ஒரு கண்ணில் பிறவியிலேயே பார்வை இல்லை. மற்றொரு கண்ணிலோ கடுமையான கிட்டப்பார்வை. பார்வைக் குறையால் பள்ளிப் படிப்புத் தடைப்பட்டது. எனவே இரவீந்திரநாத தாகூரின் சாந்திநிகேதனத்திற்கு அனுப்பப்பட்டார். அங்குக் கலாபவனம் தொடங்கியபோது, அதில் சேர விரும்பினார். கண் குறையுடைய சிறுவனுக்கு ஓவியம் எவ்வாறு கைகூடும் என்று ஆசிரியர் நந்தலால் போஸ் ஐயுற்றார். ஆர்வம் உள்ளவனைத் தடுத்தல் ஆகாது என்பது தாகூரின் கருத்து. பினோத் சேர்க்கப்பட்டார், பின்னர் அங்கேயே ஆசிரியரும் ஆனார். அவரிடம் பயின்றோருள் சத்தியஜித் ராயும், கே. ஜி. சுப்பிரமணியனும் குறிப்பிடத்தக்கவர்கள்.

அவருடைய பெரும்பணி, 1946-47-ஆம் ஆண்டுகளில் இந்தி பவனத்தின் மூன்று சுவர்களில் தீட்டிய ஓவியமாகும். இடைக்காலத்து அருளாளர்களின் வாழ்வே அதன் பொருள். ஈரச் சாந்தின்மீது வண்ணம் இடும் முறை அது. சாந்து உலர்வதற்குள் தீட்டி முடித்தல் வேண்டும்; பிழை நேர்ந்தால் அழித்துத் திருத்த இயலாது. அவரோ முன்கூட்டி வரைந்த படத்தைச் சுவரிற் பெயர்த்துக் கொள்ளாமல், நேரே தீட்டினார். ஒற்றைக் கண்ணின் மங்கிய பார்வையோடு இதனைச் செய்தார் என்பதை எண்ணினால் வியப்பு மிகும். தமிழகத்து இராமாநுசரும், கபீரும், துளசிதாசரும் அச்சுவர்களில் இடம் பெற்றுள்ளனர். கண்ணற்ற கவி சூர்தாசரும் அங்கே உள்ளார்.

1949-இல் சாந்திநிகேதனத்தை விட்டு நேபாள அரசாங்க அருங்காட்சியகத்திற்குச் சென்றார். பின்னர் வேறு சில ஊர்களிலும் பணிபுரிந்தார். இதற்கிடையே கண்ணில் புரை வளர்ந்தது.

கண்புரை பார்வையை மட்டுமன்றி வண்ணத்தையும் கவர்வது. கண்ணினுள் இருக்கும் வில்லை மெல்ல மஞ்சளாகிப் பழுப்பேறுகின்றது. அதனால் நீலஒளி உட்புகாமல் தடைப்படுகின்றது. வானமும் நீரும் சாம்பல் பூத்தாற்போல் தோன்றும். மாற்றம் மிக மெதுவாக நிகழ்வதால், நோயுற்றவர் தாமே அதனை அறிவதும் அரிது. பிரெஞ்சு ஓவியர் மோனே இந்நோயால் வருந்தியபோது, வண்ணக் குழாய்களின்மேல் உள்ள பெயரைக் கொண்டே நிறத்தை அறிந்தார். 1923-இல் அறுவை செய்தபின், முன்பு கண்ட மஞ்சளுக்கு மாறாக நீலமே மிகுந்து தோன்றி அவரைத் துன்புறுத்தியது. வண்ணத்தைக் கவரும் பகை புரை ஒன்று மட்டுமன்று. நீரிழிவு நோய் பெரும்பாலும் நீலம் மஞ்சள் வேறுபாட்டை முதலில் மங்கச் செய்யும். புகையிலையும் மதுவும் மிகுந்தால் பார்வை நரம்பு கெட்டுச் சிவப்பு ஒளி குன்றும். காசநோய்க்குத் தரும் எத்தாம்புடால் என்னும் மருந்தும் சிலருக்குச் சிவப்பு, பச்சை நிறங்களை மயங்கச் செய்கின்றது. மருத்துவர் காலத்தே அறிந்து நிறுத்தினால் பெரும்பாலும் பார்வை மீளும். இதற்காகவே அம்மருந்து உண்போரின் நிறப் பார்வையைச் சோதிக்கின்றனர்.

பினோதருக்கு அறுவை பயன் தரவில்லை. 1957-ஆம் ஆண்டளவில், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், எஞ்சிய ஒளியும் அணைந்தது. நாற்பது ஆண்டுகள் வண்ணத்தோடு பழகிய கைக்கு இனி வண்ணம் இல்லை. துயரம் அவரை விட்டுவைத்திராது. ஆயினும் தொழிலை அவர் விடவில்லை. மறு ஆண்டே சாந்திநிகேதனம் திரும்பிக் கலை வரலாறு கற்பித்தார். மெழுகைப் பிசைந்து உருவங்கள் செய்தார். வண்ணத்தாள்களை விரலால் தடவி உணர்ந்து, வெட்டியும் ஒட்டியும் படங்கள் ஆக்கினார். தாளின் விளிம்பை விரல் அறியும். அதன் நிறத்தை விரல் அறியாது. நிறத்தைப் பிறர் சொல்லக் கேட்டு, பண்டு கண்ட நினைவைக் கொண்டே ஒன்றோடொன்று இசைக்க வேண்டியிருந்தது.

1972-இல் கலாபவனச் சுவரில் ஓடுகளால் பெரிய ஓவியம் ஒன்றை மாணவர் துணையோடு அமைத்தார். அதே ஆண்டில் சத்தியஜித் ராய் தம் ஆசிரியரைப் பற்றி ஒரு படம் எடுத்தார். 1974-இல் இந்திய அரசு பத்மவிபூஷண் விருது வழங்கியது. தம் வாழ்வைப் பற்றி அவர் வங்க மொழியில் எழுதிய நூலும் புகழ் பெற்றது. 1980-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அவர் மறைந்தார். தாம் ஒருகாலும் காணாத அவ்வோட்டுச் சுவரை அவர் விரல்கள் மட்டுமே அறிந்திருந்தன.