நோவின் அருமை உணர்த்திய மருத்துவர்

சென்னை மாநகரின் வடபால், இராயபுரம் தொடங்கி எண்ணூர் ஈறாக நீண்டு கிடப்பது உழைப்பாளர் வாழும் கடற்கரைப் பகுதியாகும். காசிமேட்டில் மீன்வலை இழுக்கும் கைகள், துறைமுகத்தில் பொதி ஏற்றும் கைகள், திருவொற்றியூர் ஆலைகளில் பொறி இயக்கும் கைகள் என எண்ணற்ற கைகள் அங்கே நாள்தோறும் உழைக்கின்றன. வலைக்கயிறு அறுத்தாலும், இரும்புத் தகடு கீறினாலும், கொதிகலன் சுட்டாலும் அக்கைகள் நொடியில் பின்வாங்கிவிடும். வலிக்கிறதே என்று நாம் நொந்து கொள்வோம். அவ்வலியே நம் உடலைக் காக்கும் காவலன் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அவ்வுண்மையை உலகுக்கு எடுத்துக் காட்டியவர், தமிழ்நாட்டு மலையொன்றில் பிறந்த ஆங்கிலேயர் ஒருவர். அவரே டாக்டர் பால் பிராண்டு.

கொல்லிமலைச் சிறுவன்

பிராண்டு 1914ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17ஆம் நாள் கொல்லிமலையில் பிறந்தார். தந்தையார் பெயர் செசி பிராண்டு. தாயார் பெயர் எவலின். இருவரும் கிறித்துவத் தொண்டர்கள். காய்ச்சல் மிகுந்த அம்மலைக்குப் பிறர் செல்ல அஞ்சிய நாளில், அவர்கள் அங்கே குடிசை அமைத்து வாழ்ந்தனர். தந்தையார் மலைவாழ் மக்களுக்கு எழுத்தும் தச்சும் கற்பித்தார், மருந்தும் அளித்தார். நரம்புச் சிலந்தி நோயால் வருந்தி வருவோரின் காலிலிருந்து அப்புழுவைச் சிறு குச்சியில் மெல்ல மெல்லச் சுற்றி வெளியே எடுப்பார். சீழும் குருதியும் கண்ட சிறுவன் பிராண்டுக்கு அத்தொழிலின்மேல் அருவருப்பே உண்டாயிற்று. வளர்ந்தபின் எத்தொழில் செய்தாலும் மருத்துவத் தொழில் மட்டும் செய்வதில்லை என்று அவர் மனத்துள் உறுதி செய்து கொண்டார்.

ஒருநாள் தொழுநோயாளர் மூவர் அவ்வீட்டை நாடி வந்தனர். என்றும் அஞ்சாத தந்தையாரே அன்று கையுறை அணிந்து கொண்டு அவர்கள் புண்களைக் கழுவிக் கட்டினார். குழந்தைகள் அருகே செல்லலாகாது என்று தாயார் தடுத்துவிட்டார். அக்காட்சி சிறுவன் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

ஒன்பதாம் வயதில், 1923இல், பிராண்டு கல்வியின் பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்றார். தந்தையார் கொல்லிமலையிலேயே தொண்டாற்றி வந்து, 1929இல் கொடுங்காய்ச்சலால் உயிர் துறந்தார். துயரச் செய்தி தந்தி வழியே விரைந்து வந்தது. தந்தையார் முன்னரே எழுதி விடுத்த மடல்களோ கப்பல் வழியே அதற்குப் பின்னும் வந்து கொண்டிருந்தன. இறந்தவர் கையெழுத்தை மகன் பன்முறை படித்துக் கண்ணீர் விட்டார்.

தச்சர் மருத்துவர் ஆனது

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பிராண்டு கட்டடத் தொழிலில் புகுந்தார். ஐந்தாண்டுக் காலம் மரம் இழைத்தும், கல் அடுக்கியும் அத்தொழிலின் நுட்பங்களைக் கற்றார். இந்தியாவுக்குத் திரும்பித் தந்தையைப் போல் வீடு கட்டித் தரவேண்டும் என்பதே அவர் விருப்பம். தொண்டர்க்கு உதவும் சிறு மருத்துவப் பயிற்சி ஒன்றையும் அதற்காகவே மேற்கொண்டார். பயிற்சியின்போது, குருதி மிக இழந்து பிணம்போல் வெளுத்துக் கிடந்த பெண்ணொருத்திக்குப் பிறர் குருதி ஏற்றப்படுவதைக் கண்டார். வெளுத்த கன்னம் சிவந்தது. மூடிய கண் திறந்தது. அன்றே அவர் பழைய அருவருப்பு மறைந்தது. 1937இல் இலண்டன் மாநகரில் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் அந்நகர்மேல் குண்டுகள் பொழிந்த நாளில், சிதைந்த உடல்களைச் சீர்செய்யும் அறுவைக் கலையில் தேர்ந்தார். உடன் பயின்ற மார்கரெட்டு என்னும் நங்கையை 1943இல் மணந்தார்.

1946இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி அவரை அழைத்தது. பிறந்த நாட்டுக்கு அவர் மீண்டார்.

செங்கற்பட்டிற் கண்ட காட்சி

அக்காலத்தில் தொழுநோய் மருத்துவத்தில் சிறந்து விளங்கியவர் டாக்டர் இராபர்ட்டு காக்ரேன். அவர் 1947இல் பிராண்டைச் செங்கற்பட்டிலிருந்த தொழுநோய் மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே விரல்கள் பறவை நகம்போல் மடங்கிய கைகளையும், குறைந்து மொட்டையான கைகளையும் பிராண்டு கண்டார். இத்தனை கைகளைச் சீர்செய்ய முன்வந்த அறுவை மருத்துவர் யாரேனும் உளரோ என வினவினார். ஒருவரும் இலர் என்பதே கிடைத்த விடை. பின்பு மடங்கிய கையுடைய ஒருவரைத் தம் கையைப் பற்றி இறுக்குமாறு கேட்டார். அப்பிடி இரும்புப் பிடியாக இருந்தது; பிராண்டின் கை வலித்தது. செயலற்றதென எல்லாரும் கைவிட்ட கையில் இத்துணை வலிமையா என்று அவர் வியந்தார்.

தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரை நார்வே நாட்டு ஆன்சன் 1873இல் கண்டறிந்தார். அது தோலிலும், தோலுக்கு அண்மையிற் செல்லும் நரம்புகளிலும் தங்கும். முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் முதலிய இடங்களில் நரம்பு வீங்கிப் பழுதுபடும். ஆகவே சில தசைகள் இயக்கம் இழக்கும்; முன்கையின் வேறு சில தசைகளோ நன்னிலையிலேயே இருக்கும். நல்ல தசையின் நாணைப் பிரித்தெடுத்து, இயங்காத விரலிற் பொருத்தினால் அவ்விரல் மீண்டும் இயங்கும் அன்றோ? 1948இல் பிராண்டு இவ்வறுவையைச் செய்யத் தொடங்கினார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. ஆண்டுக்கணக்கில் தாமே சோறு பிசைந்து உண்ண இயலாதவர் உண்டனர்; எழுத இயலாதவர் எழுதினர்.

மீண்டும் வந்த புண்கள்

ஆனால் விரைவில் ஒரு பெருங்கவலை எழுந்தது. சீர்செய்த கைகளுடன் சென்றவர்கள் சில திங்களில் புண்ணோடு திரும்பினர். தொழுநோயாளரின் தசை இயல்பிலேயே கெட்டது. அதிற் புண் ஆறாது. விரல்கள் தாமே உதிரும் என்பது மருத்துவரும் நம்பி வந்த கொள்கை. அது மெய்யாயின் பிராண்டின் உழைப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீராகும். அவர் அக்கொள்கையை ஆராயாமல் ஏற்றுக் கொள்ளவில்லை.

வேலூரில் நோயாளர் தங்கித் தொழில் பயில நவசீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பை அவர் அமைத்திருந்தார். அங்கே தச்சு கற்பித்தவரும் அவரே. ஒருநாள் துருவேறிய பூட்டு ஒன்றைத் திறக்க முயன்றார், சாவி திரும்பவில்லை. அருகில் நின்ற சிறுவன் ஒருவன் அதனை வாங்கி எளிதில் திருப்பிவிட்டான். அவன் வலிமையைப் பாராட்ட முனைந்த பிராண்டு, தரையில் குருதித் துளிகள் வீழ்வதைக் கண்டு திடுக்கிட்டார். சாவி அச்சிறுவன் விரலை எலும்பு தெரியும்வரை அறுத்திருந்தது. அவனோ அதனை உணரவே இல்லை.

அன்று முதல் பிராண்டு ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். ஒருவர் சுடும் விளக்கின்மேல் விரலை ஊன்றியபடி இரவிற் படித்திருந்தார். ஒருவர் கையிலிருந்த சுத்தியலின் பிடியில் சிராய் நீட்டிக் கொண்டிருந்தது. சிலர் விரல்கள் இரவோடு இரவாகக் குறைந்தது ஏன் என்று விழித்திருந்து பார்த்தபோது, எலி கொறித்ததும் உறங்குபவர் அறியாது கிடந்ததும் தெரிய வந்தன. வீடுதோறும் பூனை வளர்க்குமாறு பிராண்டு ஏற்பாடு செய்தார். தசை கெட்டதன்று, நோவு என்னும் காவலன் இல்லாமையால் வந்த கேடே அது என்று தெளிந்தார்.

புண் ஆறும் முறை

மாணவர்களே, புண் எவ்வாறு ஆறுகிறது என்பதை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். தோல் கிழிந்தவுடன் குருதி உறைந்து வாயை அடைக்கிறது. பின் அவ்விடம் சிவந்து, வீங்கி, வெம்மையுற்று வலிக்கிறது. இதனை அழற்சி என்பர். அழற்சியைக் கண்டு நாம் வெறுக்கிறோம். அதுவோ உடல் நமக்குச் செய்யும் உதவி. குருதிக் குழாய்கள் விரிந்து வெள்ளணுக்களை அங்கே கொண்டு சேர்க்கின்றன. அவை நுண்ணுயிர்களை அழித்து, இறந்த தசையை அகற்றுகின்றன. அதன்பின் புதுத்தசையும் நார்ப்பொருளும் தோன்றுகின்றன. மேலே தோல் மூடி வளர்கிறது. அழற்சி அளவோடு எழுந்து அளவோடு அடங்கினால் புண் ஆறும். எழாவிடினும் ஆறாது, அடங்காவிடினும் ஆறாது.

நோவறியாத பாதத்தின் நிலை யாது? அடிபட்ட இடத்தையே நோயாளர் மிதித்து மிதித்து நடக்கிறார். அழற்சி அடங்க வழியின்றிப் புண் ஆழ்ந்து எலும்பை எட்டுகிறது. இதற்குப் பிராண்டு கையாண்ட மருந்து ஓய்வே. இலங்கையில் மில்ராய் பால் என்னும் அறுவை மருத்துவர் முன்னரே கையாண்ட வழியை ஒட்டி, காலில் மாவுக்கட்டுப் போட்டுப் புண்ணின்மேல் அழுத்தம் படாதவாறு செய்தார். ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்கள் சில கிழமைகளில் ஆறின. அப்புண்கள் மீண்டும் வாராதிருக்க, மரம், தோல், ரப்பர் ஆகியவற்றாற் பலவகைச் செருப்புகள் செய்து பார்த்தார். நுண்ணறைகள் நிறைந்த மென்மையான ரப்பர்ச் செருப்பே சிறந்ததென முடிவு செய்தார். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இப்பணிகளுக்கு உறைவிடமாயிற்று.

இருமுனைக் கத்தி

பிராண்டு முதற்கையை நிமிர்த்திய 1948ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவில் எஞ்சு என்னும் மருத்துவர் கார்ட்டிசோன் என்ற பொருளை மூட்டுநோய் கொண்ட ஒருவர்க்கு முதன்முதல் அளித்தார். அழற்சியை அடக்கும் அதன் ஆற்றல் கண்டு உலகம் வியந்தது. 1950இல் எஞ்சும் வேறிருவரும் நோபல் பரிசு பெற்றனர். இவ்வினத்தைச் சேர்ந்த மருந்துகளை இன்று ஸ்டீராய்டு என வழங்குகிறோம்.

இம்மருந்துகள் இருமுனைக் கத்தி போல்வன. தொழுநோயில் சிற்சில வேளை உடலின் எதிர்ப்பாற்றல் வரம்பு கடந்து பொங்கும். நரம்பு அழற்சியால் வீங்கித் தன் உறைக்குள்ளேயே நசுங்கும். அந்நிலையில் மருத்துவர் அளவறிந்து சில திங்கள் ஸ்டீராய்டு கொடுப்பின் நரம்பு பிழைக்கும். கையும் காலும் உணர்ச்சி இழவாது தப்பும். அதே மருந்தை வேண்டாத இடத்தில் நெடுநாள் உட்கொண்டால், வெள்ளணுக்கள் புண்ணை வந்தடைவது குறையும், நார்ப்பொருள் பெருகாது, தோல் மெலியும், புண் ஆறத் தாழ்க்கும். எனவே கடையில் தாமாக வாங்கிப் பூசுவதும் விழுங்குவதும் தீங்காகும். மருத்துவர் சொல்லாமல் இடையில் நிறுத்துவதும் தீங்கே. தீயை அணைத்தல் நன்று. அடுப்புத் தீயையும் அணைத்துவிட்டு உணவில்லையே என வருந்துதல் பேதைமை அன்றோ?

தமக்கே நேர்ந்த சோதனை

ஒருமுறை நெடும் பயணத்தால் களைத்து இலண்டனில் தங்கிய இரவு, காலுறை கழற்றிய பிராண்டு தம் குதிகாலில் உணர்ச்சி இல்லாமை கண்டார். ஊசியால் குத்தினார்; குருதி வந்தது, வலி வரவில்லை. தொழுநோய் தம்மையும் பற்றியது என்றே அவர் எண்ணினார். மனைவி மக்களைப் பிரிய நேருமோ என்ற துயரத்தில் இரவெல்லாம் உறங்காது கிடந்தார். விடிந்ததும் நடுங்கும் கையால் மீண்டும் குத்தினார். சுருக்கென வலித்தது! காய்ச்சலோடு இரயிலில் நெடுநேரம் அசையாது அமர்ந்திருந்ததால் நரம்பு மரத்திருந்ததே முன்னைய நிலைக்குக் காரணம். அவ்வலியை இறைவன் அளித்த பெருங்கொடையாக அவர் போற்றினார்.

பிற்கால வாழ்வு

அவர் தொண்டைப் பாராட்டி 1960இல் லாஸ்கர் விருதும், 1961இல் பிரித்தானிய அரசின் சிறப்புப் பட்டமும் வழங்கப்பெற்றன. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே எலியின் பாதத்தை மயக்க நிலையில் பொறியால் இலேசாகத் தட்டச் செய்து ஆராய்ந்தார். ஒருமுறை தட்டினால் தீங்கில்லை; நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை தட்டினால் அழற்சி தோன்றிப் பின் புண்ணாகிறது என்று கண்டார். பாதத்தின் வெம்மையை அளந்து, புண் தோன்றுமுன்னரே அழற்சியை அறியும் வழியையும் பரப்பினார். நீரிழிவால் கால் உணர்ச்சி குன்றியோர்க்கும் இவ்வழி பெரிதும் உதவியது. வெட்டி எறியப்பட இருந்த கால்கள் பல காப்பாற்றப்பட்டன. அவர் தாயாரோ முதுமையிலும் மலைமக்களை விட்டு நீங்காமல், 1974இல் 95ஆம் வயதில் இந்நாட்டிலேயே மறைந்தார். பிராண்டு 2003ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இயற்கை எய்தினார்.

இன்று தொழுநோய் பல்மருந்துச் சிகிச்சையால் முற்றும் தீரும் நோயாகும். இராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவமனையில் கைகளுக்கெனவே தனி மருத்துவப் பிரிவு இயங்குகிறது. ஆலைகளிலும் துறைமுகத்திலும் கை சிதைந்து வருவோர் அங்கே கைபெற்று மீள்கின்றனர். பிறர் தொட அஞ்சிய கையைப் பற்றிக் குலுக்கியவர் பிராண்டு. தொழுநோயாளரைக் கண்டு விலகாதிருப்பதும், நீரிழிவு கொண்ட பெற்றோர் தம் பாதங்களை நாள்தோறும் பார்க்குமாறு செய்வதும், உணர்ச்சியற்ற கைக்கு நம் கண்ணைக் காவலாகத் தருவதும் நம்மால் இயன்ற பணிகள். அவற்றைச் செய்வோமாயின் அப்பெரியாரின் உழைப்பு நம்மிடத்தும் பயன் தரும்.