ரயில் விபத்தில் பிழைத்தவர் எழுதிய பேய்க்கதை

மலாயாவின் ரயில் பாதைகளில் தமிழர்கள் பலர் உழைத்தனர். பிறை, பட்டர்வொர்த் வட்டாரத்தில் அத்தகைய குடும்பங்களுக்குச் சார்லஸ் டிக்கன்ஸின் ஒரு பேய்க்கதை சட்டெனப் புரியும்.

இங்கிலாந்தில் 1812-இல் பிறந்தவர் டிக்கன்ஸ். தந்தை கடனுக்காகச் சிறை செல்ல, 12 வயதில் சப்பாத்து மை தொழிற்சாலையில் லேபிள் ஒட்டினார். பின்னர் நிருபராகி, நாவலாசிரியராக உலகப் புகழ் பெற்றார்.

1865 ஜூன் 9-ஆம் தேதி, அவர் சென்ற ரயில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் அருகே பாலத்தில் தடம் புரண்டது. பழுதுபார்க்கத் தண்டவாளம் கழற்றப்பட்டிருந்தது. எச்சரிக்கைக் கொடியுடன் நின்றவர் போதிய தூரத்தில் இல்லை. 10 பேர் மாண்டனர். உயிர் தப்பிய டிக்கன்ஸ், தொப்பியில் தண்ணீர் எடுத்துவந்து காயமடைந்தோருக்குக் கொடுத்தார். அதன்பின் ரயிலில் ஏறினாலே அவருக்கு நடுக்கம்.

மறு ஆண்டு ‘சிக்னல்மேன்’ கதையை எழுதினார். சுரங்கப்பாதை வாயிலில் தனியாக வேலை செய்யும் ஊழியர் முன் ஓர் உருவம் தோன்றும். பின்னாலேயே சாவு நேரும். ஆபத்து வருவது அவருக்குத் தெரியும். எங்கே, எப்படி என்று மேலதிகாரிக்குச் சொல்ல வழியில்லை. பேயைவிட அந்தத் தவிப்பே நம்மை உலுக்குகிறது.

மணியோசை, குரல், ரயில் இரைச்சல் என்று காதால் அஞ்ச வைக்கும் கதை இது. அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலி 1953-இல் இதை நாடகமாக ஒலிபரப்பியது.

டிக்கன்ஸ் மறைந்ததோ 1870-இல், விபத்து நடந்த அதே ஜூன் 9-ஆம் தேதி.