பொறியியலிலிருந்து மொழி ஆய்வுக்கு: விட்கென்ஸ்டைனின் பல்கலைக்கழகக் கல்வி

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஆராய்ந்த 20ஆம் நூற்றாண்டு மெய்யியலாருள் லுட்விக் விட்கென்ஸ்டைன் தலையாய இடம் பெறுபவர். அவரது வாழ்வை எழுதுவோர் பலரும் 1911இல் கேம்பிரிட்ஜில் அவர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலைச் சந்தித்ததையே உண்மையான தொடக்கமாகக் கொள்கின்றனர். அதற்கு முந்தைய ஐந்தாண்டுப் பொறியியற் கல்வி, திசையறியா இளமையின் அலைச்சலாக ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகிறது. இக்கருத்து மறுஆய்வுக்குரியது.

1889 ஏப்ரல் 26இல் வியன்னாவில் பிறந்த அவர், ஆஸ்திரிய எஃகுத் தொழிலின் முதன்மைச் செல்வரான கார்ல் விட்கென்ஸ்டைனின் கடைசி மகன். பதினான்கு வயதுவரை வீட்டிலேயே ஆசிரியர்களிடம் பயின்றார். 1903 முதல் 1906 வரை லின்ஸ் நகரின் தொழில்நுட்பச் சார்புடைய பள்ளியில் படித்தார். பள்ளிக் கல்வி முடிந்ததும் வியன்னாவில் இயற்பியலறிஞர் போல்ட்ஸ்மனிடம் பயில விரும்பினார். 1906 செப்டம்பரில் போல்ட்ஸ்மன் தற்கொலை செய்துகொண்டதால் அவ்விருப்பம் நிறைவேறவில்லை. தமையன்மார் இருவரை முன்னரே இழந்திருந்த இளைஞர், அவ்வாண்டே பெர்லின் சார்லோட்டன்பர்க் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனத்தில் இயந்திரப் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார்.

1908இல் அங்குச் சான்றிதழ் பெற்று இங்கிலாந்து சென்றார். வானூர்தி இயல் அப்போது தவழும் பருவத்திலிருந்தது. டெர்பிஷயர் மேட்டுநிலத்தில் கிளாசப் அருகே இருந்த வளிமண்டல ஆய்வு நிலையத்தில் பெரும் பட்டங்களைப் பறக்கவிட்டுச் சோதனைகள் செய்தார். பின்னர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பொறியியல் ஆய்வு மாணவரானார். அங்கு அவர் வடிவமைத்த சுழல்விசிறி தனித்தன்மையுடையது. இயந்திரத்தால் தண்டைச் சுழற்றாமல், இதழ்களின் நுனியிலிருந்து பீச்சப்படும் வளிமத்தின் எதிர்விசையாலேயே விசிறி சுழலும் அமைப்பு அது. 1911இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இவ்வழிமுறை பல்லாண்டுகளுக்குப்பின் உலங்கூர்தி முயற்சிகளில் பிறரால் கையாளப்பட்டது. அவர் தம் விசிறியைப் பறக்கவிட்டுப் பார்க்கவே இல்லை.

பறக்காமற்போன அவ்விசிறியே அவரைக் கணிதத்திற்கு இட்டுச்சென்றது. இதழின் வடிவத்தைத் தீர்மானிக்கக் கணக்கீடு தேவைப்பட்டது; கணக்கீடு கணிதத்தின்பால் ஈர்த்தது. லிட்டில்வுட்டின் பகுப்பாய்வு விரிவுரைகளைக் கேட்டார். நாளடைவில் கணித உண்மைகள் எவற்றின்மேல் நிற்கின்றன என்னும் வினாவே அவரை முழுதும் பற்றிக்கொண்டது. கணிதத்தின் அடிப்படைகள் குறித்து 1903இல் ரஸ்ஸல் வெளியிட்ட நூல் அவரை ஜெர்மானியத் தருக்கவியலார் ஃபிரேகேயிடம் கொண்டு சேர்த்தது. ஃபிரேகேயோ ரஸ்ஸலிடமே செல்லுமாறு அறிவுறுத்தினார் என்பர். 1911 அக்டோபரில், மான்செஸ்டரின் பதிவு பெற்ற மாணவராக இருந்தபோதே, முன்னறிவிப்பின்றி ரஸ்ஸலின் அறைக்குச் சென்றார். முதற்பருவ இறுதியில், தாம் மெய்யியலுக்குத் தகுதியற்றவராயின் வானூர்தித் துறைக்கே திரும்பிவிடுவதாகக் கூறி ரஸ்ஸலின் தீர்ப்பை வேண்டினார். விடுமுறையில் எழுதிவந்த கட்டுரையின் தொடக்கத்தைப் படித்த அளவிலேயே, வானூர்தித் துறை வேண்டாமென ரஸ்ஸல் முடிவு கூறினார்.

துறை மாறியது, பயிற்சி மாறவில்லை. முப்பரிமாணப் பொருளைத் தாளில் கோடுகளாகப் படியவைக்கும் எறிய முறை, பொறியியல் வரைபடத்தின் உயிர்நாடி. 1921இல் வெளிவந்த அவரது முதல் நூல், வாக்கியம் உலகின் படமாவதை விளக்க இதே எறியக் கருத்தைக் கையாள்கிறது. இயற்பியலார் ஹெர்ட்ஸின் மாதிரிக் கோட்பாடும், விபத்தொன்றைப் பாரிஸ் நீதிமன்றத்தில் பொம்மைகளால் விளக்கிய செய்தியும் இதற்குத் துணைநின்றன. பின்னாளில் தம் படக்கோட்பாட்டை அவரே மறுத்தார் என்பது பரவலாக அறியப்பட்டது. ஆனால் மறுக்கும்போதும் அவர் சென்ற இடம் பட்டறையே. இறப்பிற்குப்பின் 1953இல் வெளியான மெய்யியல் ஆய்வுகள் என்னும் நூலில் சொற்கள் சுத்தியல், குறடு, இரம்பம் கொண்ட கருவிப்பெட்டியாகின்றன; புகைவண்டி ஓட்டுநர் அறையின் கைப்பிடிகளாகின்றன. பிடிப்பதற்கு ஒன்றுபோல் தோன்றினும் ஒவ்வொன்றின் தொழிலும் வேறு. சொல்லின் பொருளை அதன் பயன்பாட்டில் காணும் பார்வை, கருவியைக் கையிலேந்தியவரிடம் பிறந்ததில் வியப்பில்லை.

வாழ்விலும் அக்கை ஓயவில்லை. 1920களில் சிற்றூர்ப் பள்ளியாசிரியராக இருந்தபோது, பொறியாளர்கள் கைவிட்ட ஆலை நீராவி எந்திரத்தை, நால்வரைச் சுத்தியலால் சீராகத் தட்டச்செய்து இயக்கிக் காட்டினார் என்னும் செய்தி உண்டு. கேம்பிரிட்ஜ் பேராசிரியரானபின், இரண்டாம் உலகப்போரின்போது நியூகாசில் மருத்துவ ஆய்வகமொன்றில் உதவியாளராகப் பணியாற்றினார். அங்கு அவர் மெய்யியல் கற்பிக்கவில்லை. மூச்சிற்கும் நாடியழுத்தத்திற்குமான தொடர்பைப் பதிவுசெய்யும் கருவியொன்றைச் செம்மைப்படுத்திக் கொடுத்தார்.