விண்டோஸா, லினக்ஸா? அதற்கு முன்னாடி ஒரு கேள்வி: கம்ப்யூட்டரில் தமிழ் தேடிய ஸ்ரீரங்கத்து சுஜாதாவின் கதை

புது கம்ப்யூட்டர் வாங்கப் போனால் முதல் பேச்சே இதுதான்: விண்டோஸா, லினக்ஸா, மேக்கா? இதில் ஒவ்வொருத்தரும் ஒரு கட்சி. விண்டோஸ்காரருக்கு கைப்பழக்கம் முக்கியம், லினக்ஸ்காரருக்கு சுதந்திரம் முக்கியம், மேக் வைத்திருப்பவருக்கு அதன் நேர்த்தி முக்கியம். ஆனால் 25, 30 வருஷத்துக்கு முன்னாடி தமிழில் எழுதுகிறவருக்கு இதையெல்லாம் யோசிக்கவே நேரமில்லை. அவருக்கு இருந்தது ஒரே கேள்விதான். அதுல தமிழ் வருமா?

அந்தக் கேள்வியை லட்சக்கணக்கான வாசகர்களிடம் கொண்டு சேர்த்தவர்களில் முக்கியமானவர் எழுத்தாளர் சுஜாதா. கதை, சினிமா வசனம் என்று அவரைத் தெரிந்தவர்கள் அதிகம். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர் என்ன செய்தார்? பார்க்கலாம்.

யார் இந்த ரங்கராஜன்?

சுஜாதாவின் இயற்பெயர் எஸ்.ரங்கராஜன். 1935 மே 3ஆம் தேதி சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். அப்பாவுக்கு அடிக்கடி டிரான்ஸ்ஃபர் என்பதால், ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். பிற்காலத்தில் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' கதைகளில் வரும் வீதிகளும் மனிதர்களும் அந்த வயதில் பார்த்தவைதான்.

ஸ்ரீரங்கத்தில் பள்ளிப் படிப்பு. காவிரியைத் தாண்டி திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். பிறகு சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ். இந்த இரண்டு இடங்களிலும் ஏறத்தாழ அதே காலத்தில் படித்த இன்னொருவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம்.

முதல் கதை வெளியானதும் திருச்சியில்தான். திருலோக சீதாராம் நடத்திய 'சிவாஜி' பத்திரிகையில் 1953இல் வந்தது. பிறகு குமுதத்தில் எழுதத் தொடங்கியபோது, அங்கே ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் இருந்தார். பெயர்க் குழப்பம் வேண்டாம் என்று மனைவியின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார்.

ஓ.எஸ். இல்லாத மெஷின்

எம்.ஐ.டி. முடித்து விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை. அடுத்து பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ். திருச்சிக்காரர்களுக்கு 'பெல்' என்றால் திருவெறும்பூர்தான் ஞாபகம் வரும். அது பாரத் ஹெவி எலெக்ட்ரிக்கல்ஸ், இது வேற பெல்.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தயாரிப்பவை இரண்டு அரசு நிறுவனங்கள். ஒன்று ஹைதராபாத்தில் இருக்கும் இ.சி.ஐ.எல்., இன்னொன்று இந்த பெங்களூரு பெல். பெல் தரப்பில் அதன் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்வையிட்டவர் ரங்கராஜன்.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கு. இந்த மெஷினில் ஆபரேட்டிங் சிஸ்டமே கிடையாது என்கிறது தேர்தல் ஆணையம். நம்ம வீட்டு கம்ப்யூட்டர் பாட்டு போடணும், படம் காட்டணும், கணக்குப் போடணும். இத்தனை வேலையையும் பங்கு போட்டுக் கொடுக்க ஒரு மேஸ்திரி வேணும். அந்த மேஸ்திரிதான் ஓ.எஸ். வாக்கு இயந்திரத்துக்கு இருப்பது ஒரே வேலை. அமுக்கிய பட்டனைப் பதிவு செய்யணும், கடைசியில் கூட்டிச் சொல்லணும். அதற்கான புரோகிராமை நேரடியாக சிப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். கரண்ட் இல்லாத ஊரிலும் பேட்டரியில் ஓடும். படிக்கத் தெரியாதவருக்கும் சின்னம் தெரிந்தால் போதும்.

1982இல் கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதல்முறையாக வாக்கு இயந்திரம் வந்தது. சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1989இல் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க வாக்கு இயந்திரம்தான். அந்த முறை ஸ்ரீரங்கம்காரர்கள் வாக்குச்சாவடியில் பட்டனை அமுக்கியதில் அதே ஊரில் வளர்ந்தவரின் பங்கும் இருந்தது. இயந்திரத்தை நம்பலாமா என்ற விவாதம் அப்போதும் இருந்தது, இன்றும் ஓயவில்லை.

டெஸ்க்டாப்பில் தமிழ் வந்த கதை

கம்ப்யூட்டரில் நேரடியாகத் தமிழில் எழுதப் பழகிய முதல் தலைமுறை எழுத்தாளர்களில் சுஜாதாவும் ஒருவர். அந்தக் காலத்தில் அது லேசுப்பட்ட காரியமில்லை.

என்ன சிக்கல்? விண்டோஸுக்கு அப்போது ஆங்கிலம்தான் தெரியும். அதனால் தமிழ் மென்பொருள் செய்தவர்கள், ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தார்கள். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதில் ஆளுக்கொரு கணக்கு. ஒரு மெஷினில் 'அம்மா' என்று அடித்து அனுப்பினால், அதே ஃபான்ட் இல்லாத இன்னொரு மெஷினில் அது ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரியும்.

இதைச் சரிசெய்யத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. இன்றும் பலர் பயன்படுத்தும் தமிழ்99 கீபோர்டு அதன் விளைவு. அடுத்து விண்டோஸ் 2000, 'லதா' ஃபான்டோடு யூனிகோட் தமிழைக் கொண்டு வந்தது. உலகம் முழுக்க ஒரு எழுத்துக்கு ஒரே எண் என்பதுதான் யூனிகோட்.

லினக்ஸ் பக்கம் கதை வேற. அதன் மூல நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். அதனால் கம்பெனியின் அனுமதிக்குக் காத்திருக்காமல், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து மெனுக்களைத் தமிழாக்கினார்கள். ஆனந்த விகடனில் வந்த 'கற்றதும் பெற்றதும்' தொடரில் லினக்ஸ் பற்றியும் தமிழ் லினக்ஸ் பற்றியும் சுஜாதா எழுதினார். சினிமாவுக்காகவும் கதைக்காகவும் பத்திரிகை வாங்கிய வீடுகளில் ஆபரேட்டிங் சிஸ்டம் பேச்சு நுழைந்தது இப்படித்தான். 'அம்பலம்' என்ற இணைய இதழுக்கும் அவர் ஆசிரியராக இருந்தார்.

மக்களிடம் அறிவியலைக் கொண்டு சேர்த்ததற்காக 1993இல் மத்திய அரசின் விருது கிடைத்தது. 2008 பிப்ரவரி 27ஆம் தேதி, 72 வயதில் சென்னையில் காலமானார். அவர் பங்களித்த 'எந்திரன்' 2010இல்தான் திரைக்கு வந்தது.

இப்போ நாம செய்ய வேண்டியது?

இன்று எந்த ஓ.எஸ். எடுத்தாலும் தமிழ் வரும். அந்தச் சண்டை முடிந்தது. ஆனால் பாக்கி ஒன்று இருக்கு. 90களிலும் 2000களிலும் பழைய ஃபான்ட்களில் அடித்த கதைகள், ஊர் வரலாறுகள், கோயில் மலர்கள், குடும்பக் குறிப்புகள் இன்னும் பல வீட்டு சிடிகளில் தூங்குகின்றன. சிடியின் ஆயுள் குறைவு, அந்த ஃபான்ட்டின் பெயரும் மறந்துபோகும்.

உங்க வீட்டில் அப்படி ஃபைல் இருந்தால், யூனிகோடுக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டர்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கு. மாற்றி, இரண்டு இடத்தில் சேமித்து வைங்க. அப்புறம் விண்டோஸா லினக்ஸா என்று நிதானமாகச் சண்டை போடலாம்.