வேகத்துக்கு வர்க்கம் கேட்ட எமிலி

ஒரு வண்டி ஸ்பிரிங்கில் மோதி நிற்குது. ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும்? முதல் செமஸ்டர்ல எல்லாரும் போட்ட கணக்குதான். இயக்க ஆற்றலையும் ஸ்பிரிங்கில் சேர்ந்த ஆற்றலையும் சமன் பண்ணி ரெண்டே வரியில் முடிச்சிடுவோம். அந்த முதல் வரிக்காகச் சண்டை போட்ட ஒருவரின் கதை இது.

எமிலி து ஷாட்லே 1706-ல் பாரிஸில் பிறந்தார். பெண்களுக்குக் கல்லூரி வாசல் திறக்காத காலம். மாப்பெர்த்துய், கிளேரோ போன்ற கணித அறிஞர்களிடம் தனியாகப் பாடம் படிச்சாங்க.

அப்போ ஐரோப்பாவுல பெரிய விவாதம்: ஓடுற பொருளின் வலுவை எப்படி அளப்பது? தெகார்த் வழி வந்தவர்கள் நிறையை வேகத்தால் பெருக்கச் சொன்னார்கள். லைப்னிட்ஸோ வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கச் சொன்னார். லைடன் பேராசிரியர் கிராவசாண்டே பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் போட்டுப் பார்த்தார். வேகம் 2 மடங்கானால் பள்ளத்தின் கொள்ளளவு 4 மடங்கு!

1740-ல் வெளியான தன் இயற்பியல் நூலில் எமிலி லைப்னிட்ஸ் பக்கம் நின்னாங்க. மறுவருஷமே பாரிஸ் அகாடமியின் செயலாளர் மெரான் அச்சிலேயே எதிர்த்தார். பெண்களை உறுப்பினராகவே சேர்க்காத அகாடமி அது. எமிலி பயப்படல, அதே வருஷம் அச்சிலேயே பதில் கொடுத்தாங்க. கூட வாழ்ந்த வோல்தேரும் இந்த விஷயத்துல எதிர்ப்பக்கம்தான்.

நம்ம ஸ்பிரிங்குக்கு வருவோம். வேகத்தை 2 மடங்காக்கினா அமுக்கமும் 2 மடங்குதான். அப்போ மெரான் சொன்னது சரியா? இல்ல. அமுங்க அமுங்க எதிர்ப்பும் கூடுது. அதனால சேர்ந்த ஆற்றல் 4 மடங்கு. ஆனா ரெண்டு வண்டி மோதி ஒட்டிக்கிட்டுப் போய் ஸ்பிரிங்கை அமுக்கினா, ஒட்டுற நொடிக்கு உந்தம், அதுக்கப்புறம்தான் ஆற்றல். முதல்லயே ஆற்றலைப் போட்டா விடை தப்பு. ரெண்டு தரப்பும் வேற வேற அளவைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சண்டை போட்டிருக்காங்க.

1749-ல், 42 வயதில், எமிலி கர்ப்பமானார். பிரசவத்தில் பிழைப்போமா என்ற பயம். நியூட்டனின் பிரின்சிப்பியாவைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து விளக்கவுரை எழுதும் வேலை முடியாமல் கிடந்தது. ராப்பகலா உட்கார்ந்து எழுதி, கையெழுத்துப் பிரதியை அரச நூலகத்துக்கு அனுப்பிட்டாங்க. செப்டம்பர் 4-ல் பெண் குழந்தை பிறந்தது. 10-ல் எமிலி இறந்தார்.

முழு நூல் 1759-ல்தான் வெளிவந்தது. அவர் அதை அச்சில் பார்க்கவே இல்லை. அடுத்த தடவை வேகத்துக்கு மேலே அந்தச் சின்ன 2-ஐப் போடும்போது, ஒரு நொடி அவரை நினைச்சுக்கோங்க மக்களே.