எந்தச் சீட்டைக் கழிப்பது?
கிரிபேஜ் ஆட்டத்தை உண்டாக்கிய கவிஞர் ஜான் சக்ளிங்கின் கதை

கையில் ஐந்து சீட்டு. மூன்றை வைத்துக்கொள்ளலாம். இரண்டைக் கழித்துவிட வேண்டும். எந்த இரண்டு?

இந்த ஒரு கேள்வியை நடுவில் வைத்து, ஓர் ஆட்டத்தையே உண்டாக்கினார் ஒருவர். அவர் வெறும் சூதாடி அல்ல. கவிஞர், நாடக ஆசிரியர், குதிரைப் படைத் தலைவர், பாராளுமன்ற உறுப்பினர். ஏறக்குறைய 32 வயதுக்குள் இத்தனையும் ஆகி, ராஜத்துரோகி என்ற பழியோடு அந்நிய நாட்டில் உயிரை விட்டார்.

அவர் பெயர் சர் ஜான் சக்ளிங். அவர் உண்டாக்கிய ஆட்டத்தின் பெயர் கிரிபேஜ்.

பணக்கார வீட்டுப் பிள்ளை

1609-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், லண்டனுக்கு அருகே உள்ள டுவிக்கன்ஹாம் மாதா கோவிலில் சக்ளிங்குக்கு ஞானஸ்நானம் நடந்தது. தந்தை அரண்மனையில் பெரிய அதிகாரி. தாய்மாமன் லயனல் கிரான்பீல்டு, பிறகு இங்கிலாந்தின் நிதி மந்திரியாக இருந்தவர். வீட்டில் செல்வத்துக்குக் குறைவே இல்லை.

ஆனால், சக்ளிங்குக்கு நான்கு வயது நடக்கும்போதே தாய் இறந்துவிட்டார்.

1623-ல் கேம்பிரிட்ஜில் உள்ள டிரினிடி கல்லூரியில் சேர்ந்தார். பட்டம் வாங்காமலே வெளியேறினார். 1627-ல் சட்டம் படிக்கப் போனார். அடுத்த மாதமே தந்தையும் காலமானார். 18 வயதில் பெரிய சொத்துக்கு வாரிசு ஆகிவிட்டார் சக்ளிங்!

சட்டப் புத்தகத்தை மூடினார். ஐரோப்பா முழுவதும் சுற்றினார். 1630-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1632-ல் லண்டன் திரும்பினார். முதலாம் சார்லஸ் மன்னரின் அரண்மனையில் அவருடைய பேச்சுக்கும் பாட்டுக்கும் நல்ல வரவேற்பு.

அதைவிடப் பெரிய பெயர் ஒன்றும் அவருக்கு வந்தது. சூதாடி என்ற பெயர்!

படுக்கையிலும் சீட்டு

சக்ளிங்கின் கதையை நமக்கு எழுதி வைத்தவர் ஜான் ஆப்ரே. அதே நூற்றாண்டில் வாழ்ந்தவர். பெரிய மனிதர்களைப் பற்றிக் கேட்டதையும் பார்த்ததையும் குறித்து வைப்பது அவர் வழக்கம்.

சக்ளிங் காலையில் படுக்கையில் கிடந்தபடியே சீட்டுக் கட்டைப் பரப்பிக்கொள்வாராம். எதிரில் யாரும் இல்லாமல், தானே தனக்கு ஆடிப் பார்ப்பாராம். எந்தச் சீட்டை எப்படி நடத்தினால் லாபம் என்று அப்படிக் கணக்குப் போட்டுப் பழகினார்.

இன்று 200 பவுன் வைத்திருப்பார். நாளை அதில் பாதிகூட இருக்காது. சில நாட்களில் கையில் ஒன்றுமே இருக்காது. கடைக்காரர்கள் ஆறு பென்சுக்குக்கூட அவருக்குக் கடன் கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு வேடிக்கை. பணம் அடியோடு போன சமயத்தில்தான் அவர் மிக ஆடம்பரமாக உடுத்துவார்! பளபளப்பான உடை போட்டால் மனம் உற்சாகம் அடையும், உற்சாகம் வந்தால் அதிர்ஷ்டமும் வரும் என்பது அவருடைய நம்பிக்கை.

சகோதரிகளின் கண்ணீர்

லண்டன் பிக்கடில்லியில் பந்து உருட்டி விளையாடும் மைதானம் ஒன்று இருந்தது. பெரிய மனிதர்கள் அங்கே பணம் வைத்து ஆடுவார்கள். ஒரு நாள் சக்ளிங்கின் சகோதரிகள் அந்த இடத்துக்கே வந்துவிட்டார்கள். தங்கள் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த பணத்தையும் சகோதரர் ஆடித் தொலைத்துவிடுவாரோ என்று பயந்து அழுதார்களாம்.

ஆப்ரே இன்னொரு செய்தியும் சொல்கிறார். ரகசிய அடையாளம் இட்ட சீட்டுக் கட்டுகளைத் தயார் செய்து, நாட்டில் உள்ள சூதாட்ட இடங்களுக்கு எல்லாம் அனுப்பி வைத்தாராம் சக்ளிங். அந்த வழியில் 20 ஆயிரம் பவுன் சம்பாதித்தார் என்பது ஆப்ரேயின் கணக்கு. அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை.

தீவனத் தொட்டி

கிரிபேஜ் ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் சக்ளிங்தான் என்று எழுதியவரும் ஆப்ரேதான். அதற்கு முன்பே நோடி என்று ஒரு சீட்டாட்டம் இங்கிலாந்தில் இருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் கிரிபேஜ். ஆனால் நோடியில் இல்லாத புதுமை ஒன்று இதில் இருக்கிறது. அதுதான் கிரிப்.

மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டிக்கு ஆங்கிலத்தில் கிரிப் என்று பெயர். ஆட்டத்தில் கழிக்கும் சீட்டுகள் போய்ச் சேரும் இடத்துக்கும் அதுவே பெயர்.

பழைய முறைப்படி ஆடுவோர் இருவர். ஆளுக்கு ஐந்து சீட்டு. இருவரும் தலா இரண்டு சீட்டுகளைக் கவிழ்த்துத் தொட்டியில் போட வேண்டும். கையில் மூன்று இருக்கும். தொட்டியில் நான்கு சேரும். பிறகு மீதிக் கட்டிலிருந்து ஒரு சீட்டைத் திருப்பி வைப்பார்கள். அது எல்லாக் கணக்குக்கும் பொது.

மற்ற ஆட்டங்களில் கழித்த சீட்டு கழித்ததுதான். இங்கே அப்படி இல்லை. தொட்டியில் விழுந்த சீட்டுக்கும் கடைசியில் புள்ளி உண்டு! அந்தப் புள்ளி யாருக்கு? அந்தத் தடவை சீட்டைக் கலைத்துக் கொடுத்தவருக்கு. அடுத்த தடவை மற்றவர் கொடுப்பார். தொட்டியும் அவருக்குப் போகும்.

பொதுச் சீட்டையும் சேர்த்தால் கையில் எண்ணுவது நான்கு சீட்டு. தொட்டியில் எண்ணுவதோ ஐந்து. அதாவது, கழித்த சீட்டுகள் சேரும் இடம், வைத்துக்கொண்ட கையைவிடப் பெரியது. வேண்டாம் என்று போட்டதே ஆளைக் கவிழ்த்துவிடும்!

ஒரே கை, இரண்டு முடிவு

புள்ளிக் கணக்கு எளிது. எண்களைக் கூட்டி 15 வந்தால் இரண்டு புள்ளி. ஒரே மாதிரிச் சீட்டு இரண்டு இருந்தால் இரண்டு புள்ளி. மூன்று சீட்டு வரிசையாக வந்தால் மூன்று புள்ளி. ராஜா, ராணி, ஜாக்கி ஆகிய மூன்றும் பத்தாகக் கணக்கு. ஏஸ் ஒன்று.

ஓர் உதாரணம். உங்கள் கையில் 5, 6, 7, 8, 10 என்று ஐந்து சீட்டு இருக்கிறது. இனம் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

தொட்டி உங்களுடையது என்றால் யோசிக்கவே வேண்டாம். 6, 7, 8 ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு மூன்று; ஏழும் எட்டும் பதினைந்து, அதற்கு இரண்டு; ஆக ஐந்து புள்ளி. 5, 10 இரண்டையும் தொட்டியில் போடுங்கள். அதுவும் பதினைந்து. இரண்டு புள்ளி உங்களுக்கே திரும்பி வரும்.

தொட்டி எதிராளியுடையது என்றால்? அதே சீட்டைப் போட்டால் அந்த இரண்டு புள்ளியை நீங்களே அவருக்குத் தானம் செய்கிறீர்கள். ஐந்திலிருந்து இரண்டு போனால் நிகரம் மூன்று. மாறாக 5, 6, 7 வைத்துக்கொண்டால் வரிசைக்கு மூன்று புள்ளி. போடும் 8, 10 இரண்டும் சேர்ந்து எதுவும் தராது. இதிலும் நிகரம் மூன்றுதான்.

இரண்டும் சமம் என்று தோன்றுகிறது. ஆனால் சமம் அல்ல! காரணம், அந்த ஐந்து.

52 சீட்டில் பத்து மதிப்பு உள்ளவை 16. அவற்றில் எது வந்தாலும் ஐந்தோடு சேர்ந்து பதினைந்து ஆகிவிடும். எதிராளியின் தொட்டியில் ஐந்தைப் போடுவது, திருடனிடம் சாவியைக் கொடுப்பது போல. ஆகவே அனுபவசாலி ஐந்தை விடமாட்டார். கையில் இரண்டு புள்ளி குறைந்தாலும் பரவாயில்லை என்று 8, 10 இரண்டையும்தான் கழிப்பார்.

ஒரே கை. யாருடைய தொட்டி என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. சக்ளிங் தந்த ஆட்டத்தின் உயிர்நாடி இதுதான்.

தடியடி

சீட்டு மேஜையில் இவ்வளவு கணக்குப் பார்த்தவர், வெளியில் எதைப் போட்டார், எதை வைத்துக்கொண்டார்?

1634-ல் ஒரு பணக்காரப் பெண்ணை மணக்க ஆசைப்பட்டார். பெயர் ஆன் வில்லோபி. அதே பெண் மீது சர் ஜான் டிக்பி என்பவரும் கண் வைத்திருந்தார். டிக்பி பலசாலி, வாள் வீச்சில் வல்லவர். அவர் சக்ளிங்கைத் தடியால் அடித்து நொறுக்கினார். சக்ளிங் வாளை உருவவே இல்லை. ஊரே சிரித்தது. கல்யாணமும் நடக்கவில்லை.

இரண்டு முடிவு நாடகம்

பிறகு அவர் நாடகம் எழுதினார். அக்லாரா என்பது அதன் பெயர். 1637-38 குளிர்காலத்தில் அரங்கேறியது. நடிகர்களின் உடைகளில் அசல் தங்கச் சரிகையும் வெள்ளிச் சரிகையும் மின்னின. உடைச் செலவு சக்ளிங்குடையது. அந்த நாடகத்தில் உள்ள பாட்டு ஒன்றை ஆங்கிலம் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

நாடகம் முதலில் சோகமாக முடிந்தது. பிறகு மன்னர் பார்ப்பதற்காக சக்ளிங் கடைசி அங்கத்தை மாற்றி எழுதினார். செத்தவர்கள் பிழைத்தார்கள். எல்லாம் சுபமாக முடிந்தது!

காகிதத்தில் முடிவை மாற்றலாம். வாழ்க்கையில்?

நூறு குதிரை வீரர்கள்

1639-ல் ஸ்காட்லாந்துக்காரர்கள் மீது சார்லஸ் மன்னர் படையெடுத்தார். சக்ளிங் தம் சொந்தச் செலவில் நூறு குதிரை வீரர்களைத் திரட்டினார். வெள்ளைச் சட்டை, சிவப்புக் கால்சட்டை, இறகு வைத்த தொப்பி. இதற்கு 12 ஆயிரம் பவுன் செலவானதாக ஆப்ரே சொல்கிறார்.

பெரிய சண்டை நடக்கவே இல்லை. மன்னரின் படை எல்லையில் பின்வாங்கியது. ஜூன் மாதம் உடன்படிக்கை ஆகிவிட்டது. லண்டனில் சக்ளிங்கின் அழகுப் படையைக் கேலி செய்து பாட்டுக் கட்டினார்கள்.

கோட்டைச் சதி

1640-ல் பிராம்பர் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் பகை முற்றிய நேரம் அது. மன்னரின் முக்கிய மந்திரி ஸ்டிராபோர்டு பிரபுவைப் பாராளுமன்றம் சிறைபிடித்து லண்டன் டவர் கோட்டையில் அடைத்தது. அவர் தலையை வாங்கத் துடித்தது.

அவரைத் தப்ப வைக்க 1641 மே மாதம் ஒரு சதி உருவாயிற்று. அதில் முன் நின்றவர்களில் சக்ளிங் ஒருவர். போர்ச்சுகல் நாட்டுக்காகப் போரிட ஆள் சேர்ப்பதாகச் சொல்லி, ஆயுதம் ஏந்திய ஆட்களை லண்டனில் கூட்டினார். சுமார் நூறு பேர் கோட்டை வாசலுக்குப் போனார்கள். கோட்டை அதிகாரி பால்போர் அவர்களை உள்ளே விட மறுத்துவிட்டார்.

சதி அம்பலம் ஆயிற்று. மன்னரின் எதிரிகளுக்குத் தலைவரான ஜான் பிம், அதைப் பாராளுமன்றத்தில் போட்டு உடைத்தார். மக்கள் கொதித்து எழுந்தார்கள். மன்னரால் தம் மந்திரியைக் காப்பாற்ற முடியவில்லை. மே 12-ந் தேதி ஸ்டிராபோர்டின் தலை வெட்டப்பட்டது.

அவரைக் காப்பாற்றப் போட்ட சீட்டு, அவருடைய எதிரிக்கே புள்ளியாகப் போய்விட்டது! அது யாருடைய தொட்டி என்று சக்ளிங் பார்க்கத் தவறிவிட்டார்.

பாரிசில் முடிவு

சக்ளிங் பிரான்சுக்கு ஓடிவிட்டார். பாராளுமன்றம் அவரை ராஜத்துரோகி என்று தீர்மானித்தது. சொத்து இல்லை, நண்பர்கள் இல்லை, ஊருக்குத் திரும்ப வழி இல்லை.

ஓராண்டு ஆவதற்குள் பாரிசில் இறந்தார். வறுமைக்குப் பயந்து விஷம் குடித்தார் என்கிறார் ஆப்ரே. அவருடைய கவிதைகளும் நாடகங்களும் 1646-ல்தான் ஒரே நூலாக வெளிவந்தன.

நிலைத்தது எது?

அவர் வென்ற பணத்தில் ஒரு காசும் மிஞ்சவில்லை. ஆனால் அவருடைய ஆட்டம் மிஞ்சியது. 1674-ல் சார்லஸ் காட்டன் என்பவர் சூதாட்டங்களைப் பற்றி எழுதிய நூலில் கிரிபேஜ் விதிகளையும் சேர்த்தார். கப்பல் மாலுமிகள் அதைக் கடல் கடந்து கொண்டு போனார்கள். இரண்டாவது உலகப் போரில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களில், கடலுக்கு அடியிலும் கிரிபேஜ் நடந்தது.

இன்று பெரும்பாலோர் ஆளுக்கு ஆறு சீட்டு வைத்து ஆடுகிறார்கள். 61 புள்ளியில் முடிந்த ஆட்டம் 121 வரை போகிறது. துளை போட்ட மரப்பலகையில் குச்சியை நகர்த்திப் புள்ளி எண்ணுகிறார்கள். இங்கிலாந்திலும், அமெரிக்காவிலும், கனடாவிலும் தாத்தாவும் பேரனும் எதிர் எதிரே உட்கார்ந்து ஆடும் வீட்டு விளையாட்டாக அது ஆகிவிட்டது. சகோதரிகளை அழ வைத்தவரின் ஆட்டம், குடும்பத்தைக் கூட்டி வைக்கும் ஆட்டமாக மாறியது ஆச்சரியந்தான்.

அந்தத் தாத்தாக்கள் பேரப் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக் கொடுக்கும் பாடம் ஒன்று. சீட்டைக் கழிக்கும் முன், தொட்டி யாருடையது என்று பார்!

சக்ளிங் உலகத்துக்குக் கொடுத்த பாடம் அது. தமக்கு அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை.